பழைய சொகுசு காரும் ஆண்டுச் சான்றிதழும்

பிரிட்டனில் பழைய மோட்டார் கார் ஒன்றை விலை பேசும்போது, நிறம், இருக்கை, என்ஜினின் பலம் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பாக வாங்குகிறவர் கேட்கும் கேள்வி, வண்டிக்கு எம்.ஓ.டி. இன்னும் எத்தனை மாதம் பாக்கியிருக்கிறது என்பதுதான். போக்குவரத்து இலாகா வகுத்த விதிகளின்படி ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பாதுகாப்புப் பரிசோதனைக்கும், அதில் தேறிய வண்டிக்குக் கிடைக்கும் சான்றிதழுக்கும் அங்கே மக்கள் வழக்கில் வழங்கும் பெயர் அது. விற்கிறவரும் இதை நன்கு அறிந்தவராதலால், பன்னிரண்டு மாத எம்.ஓ.டி. உண்டு என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுகிறார். அந்த ஒரு வரியைப் பிரமாணமாகக் கொண்டு, ஒரு காலத்தில் கம்பெனி அதிபர்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் மட்டுமே ஏறிச் சென்ற சொகுசு வண்டியை, அதன் ஆதி விலையில் மிகச் சிறு பங்கைக் கொடுத்து, மத்தியதரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுகிறார்.

அவர் நம்பிய சான்றிதழ் எதற்குச் சாட்சி சொல்கிறது, எதைப் பற்றி மௌனம் சாதிக்கிறது என்பதை விளக்கமாக அறிந்துகொள்வது பழைய கார் வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம். ஓர் ஆண்டின் சான்றிதழ் பரிசோதனை நடந்த அந்த ஒரு நாளின் நிலைமையை மட்டுமே சொல்லக்கூடியது. வண்டி நம்பத் தகுந்ததா என்று அறிய விரும்புகிறவர் பல ஆண்டுகளின் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். அவ்வாறு படிக்கும்போது, வண்டியைச் செய்தவரின் திறமை ஓரளவும், அதை வைத்திருந்தவர்களின் கவனமோ அலட்சியமோ பேரளவும் வெளிப்படும் என்பதே என் திடமான அபிப்பிராயம். இதை உதாரணத்தோடு காட்டுவதற்கு, டொயோட்டா நிறுவனத்தின் சொகுசுப் பிரிவான லெக்ஸஸ் வெளியிட்டு, நம்பகத்தன்மைக்கே பெயர்பெற்ற எல்.எஸ். 400 என்னும் பெரிய காரை எடுத்துக்கொள்வோம்.

முதலில் பரிசோதனையின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்பது நல்லது. வண்டிகளைக் கட்டாயமாகப் பரிசோதிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தது 1956-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். யுத்தத்துக்கு முன் செய்யப்பட்ட எண்ணற்ற வண்டிகள், தேய்ந்த பிரேக்குகளோடும் மங்கிய விளக்குகளோடும் பிரிட்டனின் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 1960 செப்டம்பரில், பத்து வயது நிரம்பிய வண்டிகளுக்கான பரிசோதனை, விரும்புகிறவர்கள் செய்துகொள்ளலாம் என்ற அளவில் ஆரம்பமாகி, 1961 பிப்ரவரியில் கட்டாயமாயிற்று. அப்போது பார்க்கப்பட்டவை பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றே. தேறாத வண்டிகளின் தொகை எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருக்கக் கண்டு, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வயது வரம்பை ஏழாகக் குறைத்தார்கள். 1967-இல் அது மூன்றாயிற்று. வட அயர்லாந்து நீங்கலாக, இன்றும் பிரிட்டனில் மூன்று வயது நிரம்பிய கார் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனைக்கு வந்தே தீரவேண்டும்.

காலம் செல்லச் செல்லப் பரிசோதனையின் வீச்சும் விரிந்தது. 1968-இல் டயர்களும், 1977-இல் வைப்பர், ஹாரன், புகைக்குழாய், உடற்கூட்டின் உறுதி முதலியவையும், 1991-இல் பெட்ரோல் வண்டிகளின் புகையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் பட்டியலில் சேர்ந்தன. ஏர்பேக், வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு ஏற்பாடு ஆகியவற்றின் எச்சரிக்கை விளக்குகளைப் பார்க்கும் விதிகள் 2012-ஐ ஒட்டி வந்தன. கடைசியாக, 2018 மே 20 முதல், குறைகளை அபாயகரமானவை, பெரியவை, சிறியவை என்று மூன்று தரமாகப் பிரித்து எழுதும் முறை ஏற்பட்டது. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தேறாது. சிறிய குறை இருந்தால் தேறும், ஆனால் அது எழுத்தில் பதிவாகும். இவை தவிர, இன்னும் குறையாக முற்றவில்லை, ஆயினும் விரைவில் முற்றக்கூடும் என்று பரிசோதகர் கருதுவதை அறிவுரைக் குறிப்பாக எழுதிவைக்கும் வழக்கமும் உண்டு. இந்தக் கடைசிக் குறிப்புக்கு உள்ள மதிப்பைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு காரைப் பரிசோதிக்க ஏறக்குறைய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சாதாரணக் காருக்கு வாங்கக்கூடிய உச்சக் கட்டணத்தைச் சட்டம் 54 பவுண்டு 85 பென்ஸ் என்று வரையறுத்திருக்கிறது. இந்தச் சிறிய நேரத்துக்குள் பரிசோதகர் பார்ப்பவை பல என்றாலும், அவர் கை வைக்கக்கூடாதவையும் பல. எதையும் கழற்றிப் பார்க்க அவருக்கு அனுமதியில்லை. என்ஜினின் உள்நிலை, கியர் பாக்ஸ், கிளட்ச் ஆகியவை பரிசோதனைக்கு உட்பட்டவையே அல்ல. ஆகவே, அடுத்த வாரமே கியர் பாக்ஸ் செயலிழந்துபோகும் நிலையிலுள்ள ஒரு வண்டி, பிரேக்கும் டயரும் விளக்கும் சரியாக இருக்குமானால், எந்த ஆட்சேபமும் இல்லாமல் தேறிவிடும். பாதுகாப்பு வேறு, நம்பகத்தன்மை வேறு. இந்தப் பரிசோதனை முன்னதற்காகவே ஏற்பட்டது என்பதை மறந்துவிடுகிறவர்களே பிற்பாடு ஏமாந்ததாக வருந்துகிறார்கள்.

இனி நம் உதாரணத்துக்கு வருவோம். உலகத்தின் தலைசிறந்த காருக்குச் சவால்விடக்கூடிய ஒரு வண்டியை நம்மால் செய்ய முடியுமா என்ற கேள்வியை டொயோட்டா நிறுவனத்தின் தலைவர் எய்ஜி டொயோடா தம் சகாக்களிடம் எழுப்பியது 1983-இல். அதற்கு விடையாகத் தலைமைப் பொறியாளர் இசிரோ சுசுகியின் மேற்பார்வையில், 1,400 பொறியாளர்கள் உழைத்து, 450 மாதிரி வண்டிகளைச் செய்து ஓட்டிப் பார்த்த பிறகு பிறந்ததுதான் எல்.எஸ். 400. 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் அரங்கேறிய அந்த வண்டி, நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள வி-8 என்ஜினையும், ஓசையே கேட்காதபடி அமைந்த உட்கூடத்தையும் கொண்டு, ஜெர்மானியச் சொகுசு வண்டிகளே உயர்ந்தவை என்று அதுவரை நிலவிய எண்ணத்தை அசைத்துவிட்டது. உருளைகளின்மேல் நிறுத்திய வண்டியின் சக்கரங்கள் மணிக்கு 145 மைல் வேகத்துக்கு ஈடாகச் சுழல, என்ஜின் மூடியின்மேல் அடுக்கிய ஷாம்பேன் கோப்பைகள் சரியாமல் நிற்பதைக் காட்டிய விளம்பரம், அமெரிக்க விளம்பரத் துறையில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

அதே ஆண்டு டிசம்பரில், பிரேக் பிடிக்கும்போது எரியும் நடு விளக்கின் மின்கம்பியைப் பற்றியும், வேகத்தைச் சீராக வைக்கும் சாதனத்தைப் பற்றியும் இரண்டே புகார்கள் வந்தபோது, அதுவரை விற்ற எண்ணாயிரம் வண்டிகளையும் திரும்ப அழைத்து, இருபது நாட்களுக்குள் நிறுவனம் சரிசெய்து கொடுத்தது. வண்டியின் தரத்தைப் போலவே, அதைப் பேணிக் காக்கும் ஏற்பாடும் அதன் கீர்த்திக்குக் காரணமாயிற்று என்பதற்கு இதுவே போதிய சான்று. பிற்காலத்தில், 1996-ஆம் ஆண்டின் எல்.எஸ். 400 ஒன்று அமெரிக்காவில் பத்து லட்சம் மைல் ஓடி, மோட்டார் பத்திரிகைகளில் இடம்பெற்றது. ஆகவே இந்த வண்டியின் என்ஜின் நீண்ட ஆயுள் உடையது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த நீண்ட ஆயுளுக்கும் ஆண்டுப் பரிசோதனைக்கும் உள்ள சம்பந்தம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. 1990 முதல் பத்தாண்டு காலம் பிரிட்டனில் விற்பனையான எல்.எஸ். 400 வண்டிகளில் எஞ்சியிருப்பவை இன்று கால் நூற்றாண்டைத் தாண்டியவை. அவற்றில் ஒன்று பரிசோதனைச் சாலைக்குள் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது என்று சற்று அருகிலிருந்து பார்ப்போம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கும்படி நிறுத்தியபின், பரிசோதகர் ஒரு நீண்ட இரும்புக் கடப்பாரையைச் சக்கரத்தின் கீழ்க் கரத்துக்கும் பால் ஜாயின்டுக்கும் இடையில் கொடுத்து மெதுவாக நெம்புகிறார். புது வண்டியில் அணுவளவும் அசையாத அந்த மூட்டு, ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை இருபத்தைந்து ஆண்டுகள் சுமந்தபின், அவர் கைக்கு நன்றாகத் தெரியும்படி ஆடினால், வண்டி அங்கேயே தேறாமற் போகிறது. ஆடாவிட்டாலும், மூட்டைப் பொதிந்திருக்கும் ரப்பர் உறை வெடித்து, உள்ளேயிருக்கும் கிரீஸ் கறுத்து வெளியே கசிந்திருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்க்கிறார். தூசியும் தண்ணீரும் உள்ளே புகும்படி உறை கிழிந்திருந்தால், மூட்டு இன்னும் கெடாத நிலையிலும் அது குறைதான். இந்த வண்டியின் முன் சஸ்பென்ஷனில் பல கரங்களும், அவற்றின் முனைகளில் பல ரப்பர் புஷ்களும் உண்டு. பள்ளத்தில் இறங்கினாலும் பயணிகளுக்குத் தெரியாதபடி வண்டியை மிதக்கவைப்பவை அவைதாம். வயதானால் முதலில் வெடித்து இற்றுப்போகிறவையும் அவைதாம். சில கரங்களில் புஷ்ஷையோ மூட்டையோ மட்டும் மாற்ற முடியாமல், கரம் முழுவதையும் வாங்க வேண்டியிருப்பதால், செலவு மலைக்கவைக்கிறது.

பிறகு சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி, பிரேக்கின் பலத்தை அளக்கிறார்கள். இந்த வயதுள்ள காருக்குக் கால் பிரேக்கின் திறன் வண்டி எடையில் குறைந்தது 50 சதவீதமும், பார்க்கிங் பிரேக்கின் திறன் 16 சதவீதமும் இருக்கவேண்டும். முன்னதில் பழைய எல்.எஸ். 400 பெரும்பாலும் சுலபமாகத் தேறிவிடும். பின்னதில்தான் சிக்கல் எழுகிறது. ஆட்டோமேடிக் கியர் உள்ள வண்டியாதலால், கியர் லீவரைப் 'பி' என்ற இடத்தில் தள்ளிவிட்டு இறங்கிப் போவதே பலருக்கு வழக்கம். பார்க்கிங் பிரேக்கை மாதக் கணக்கில் தொடுவதே இல்லை. பின் டிஸ்கின் நடுவில் சிறிய டிரம்முக்குள் மறைந்திருக்கும் அதன் ஷூக்கள், உபயோகமில்லாத காரணத்தாலேயே துருப்பிடித்து, இறுகி, பரிசோதனையன்று பலமில்லாமல் நிற்கின்றன. கெடாமல் இருக்கவேண்டிய ஒரு பாகம் உபயோகிக்காததனாலேயே கெட்டுப்போவது, சொகுசு வண்டிகளின் வாழ்வில் அடிக்கடி காணும் விஷயம்.

என்ஜின் பக்கம் பார்த்தால், பவர் ஸ்டியரிங் பம்பில் எண்ணெய் கசிவது இந்த வண்டியின் பிரசித்தமான பலவீனம். கசியும் எண்ணெய் கீழேயுள்ள ஆல்டர்னேட்டரின்மேல் சொட்டி அதையும் கெடுத்துவிடுகிறது. இதற்கு மாறாக, புகைப் பரிசோதனையில் இந்த என்ஜின் பொதுவாக நற்பெயர் பெற்றது. 1992 ஆகஸ்டுக்கு முன் முதலில் பதிவான வண்டியென்றால் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை அனுமதிக்கப்படும். அதற்குப் பிந்திய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு மிகவும் கடுமையாகிவிட்டது. அந்தக் கடும் விதியையும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழுதில்லாமல் இருக்குமானால், வயதான எல்.எஸ். 400 சிரமமின்றி நிறைவேற்றக்கூடியதே.

எல்லாவற்றையும்விடக் கொடிய சத்துரு துரு. குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கப் பிரிட்டனின் சாலைகளில் தூவும் உப்பு, வண்டியின் அடிவயிற்றில் படிந்து, பிரேக் குழாய்களையும் பின் சக்கர வளைவுகளையும் மெல்ல அரிக்கிறது. சஸ்பென்ஷனோ ஸ்டியரிங்கோ சீட் பெல்ட்டோ பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உடற்கூடு வலுவிழக்கும்படி துரு ஏறியிருந்தால், வெல்டிங் செய்து பலப்படுத்தும்வரை வண்டிக்குச் சான்றிதழ் கிடையாது. இங்கே சொகுசு வண்டிக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. ஓசையைத் தடுக்கவும் காற்று தடையின்றி வழுக்கிச் செல்லவும் அதன் அடிப்பாகத்தைப் பெரிய பிளாஸ்டிக் தட்டுகளால் மூடியிருக்கிறார்கள். பரிசோதகர் எதையும் கழற்றக்கூடாது என்பதால், அந்தத் தட்டுகளுக்கு மேலே ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்துக்கொண்டு நடக்கும் சேதம் பல ஆண்டுகள் எந்தக் குறிப்பிலும் ஏறாமலே இருந்துவிடக்கூடும்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பழைய சொகுசு கார் பரிசோதனையில் தவறுவது பெரும்பாலும் அதன் விசேஷ அம்சங்களால் அல்ல. எரியாத பல்பு, வழுக்கையான டயர், தேய்ந்த மூட்டு, அரித்த குழாய் என்று எல்லாக் கார்களுக்கும் பொதுவான சாதாரணக் காரணங்களே அதையும் தோற்கடிக்கின்றன. பிரிட்டனில் பரிசோதனைக்கு வரும் கார்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று முதல் முயற்சியில் தேறாமற்போகின்றன. அதற்குக் காரணமாக ஆண்டுதோறும் முன்னணியில் நிற்பவை விளக்குகள், சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகியவையே. மத்தியில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் மிஞ்சாத டயருக்கு, அது எந்தப் பெரிய காரில் மாட்டியிருந்தாலும் மன்னிப்பில்லை.

ஆயினும், விசேஷ அம்சங்கள் முற்றிலும் நிரபராதிகள் என்று சொல்வதற்கில்லை. வண்டியில் பொருத்தப்பட்டிருக்கும் பாதுகாப்புச் சாதனம் ஒழுங்காக வேலை செய்யவேண்டும் என்பது விதி. ஏ.பி.எஸ். இல்லாமல் பிறந்த எளிய பழைய காரை அதற்காக யாரும் குற்றம் சொல்வதில்லை. அது உள்ள காரில் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் கார் தேறாது. இதனால், சாதனங்கள் பெருகப் பெருகத் தவறுவதற்கான வாயில்களும் பெருகுகின்றன. 1998-இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், டபிள்யூ 220 என்ற தலைமுறை, இதற்குத் தக்க உதாரணம். சுருள் வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளின்மேல் மிதந்த அந்த வண்டி, புதிதாக இருந்தபோது அளித்த சுகத்துக்கு ஈடில்லை. வயது ஏறியதும் பைகள் கசிந்து வண்டி ஒரு பக்கம் படுத்துவிடுவதும், உடலில் துரு எளிதாக ஏறுவதும் அதற்குத் தீராத அவப்பெயரைத் தேடித்தந்தன. அதே வகுப்பில், அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே பிறந்த எல்.எஸ். 400-இல் பெரும்பாலானவை சாதாரணச் சுருள் வில்லோடு வந்தவையாதலால், இந்தக் கஷ்டத்திலிருந்து தப்பின. ஆகவே, செய்தவரின் பங்கு இல்லாமலில்லை. பரிசோதனைக் குறிப்பில் அதை எவ்வளவு தூரம் அறிய முடியும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண, எந்தக் கம்பெனியின் எந்த மாடல் எத்தனை சதவீதம் தவறுகிறது என்ற புள்ளிவிவரத்தைப் பலர் நாடுகிறார்கள். நெடுங்காலம் அந்த விவரம் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. வியாபார நலன்கள் பாதிக்கப்படும் என்று அதிகாரிகள் மறுத்ததை எதிர்த்து, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பி.பி.சி. விடாமல் போராடியதன் பயனாக, 2010 ஜனவரியில் அது வெளிவந்தது. இன்று யாரும் எடுத்து ஆராயும்படி கோடிக்கணக்கான பரிசோதனைகளின் முடிவுகளை அரசாங்கமே வெளியிடுகிறது. இது ஜனநாயகத்துக்கு ஏற்ற செயல்தான். ஆனால் பழைய சொகுசு கார்களின் விஷயத்தில் அந்தச் சதவீதங்களை மிகுந்த ஜாக்கிரதையோடு கையாளவேண்டும்.

முதலாவதாக, பரிசோதனைக்கு முந்திய நாள் தம் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்து எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வருகிற உடைமையாளரும், எது போயிருக்கிறது என்று பரிசோதகரே கண்டு சொல்லட்டும் என்று அப்படியே கொண்டுவருகிற உடைமையாளரும் ஒரே மாடல் வண்டியை வைத்திருக்கலாம். முன்னவர் வண்டி தேறும், பின்னவர் வண்டி தவறும். பரீட்சைக்கு முந்திய இரவு மட்டும் கண்விழித்துப் படித்துத் தேறிய மாணவனின் கல்வியை அந்த ஒரு மதிப்பெண்ணால் அளக்க முடியாததைப்போலவே, இந்தத் தேர்ச்சியாலும் வண்டியின் இயல்பை அளக்க முடியாது. இரண்டாவதாக, மிகவும் கெட்டுப்போன வண்டிகள் ஏற்கனவே உடைத்து நொறுக்கப்பட்டுவிட்டன. இருபத்தைந்தாம் வயதில் கணக்கில் வருபவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. அவற்றின் தேர்ச்சி விகிதம் உயர்ந்திருந்தால், அந்த உயர்வில் ஒரு பங்கு காணாமற்போனவைகளுக்கு உரியது. மூன்றாவதாக, ஓடிய தூரம் வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. ஆண்டுக்கு ஆயிரம் மைல்கூட ஓடாமல் கொட்டகையில் உறங்கும் வண்டியையும், தினசரி உழைக்கும் வண்டியையும் ஒரே வரியில் எழுதிச் சராசரி போடுவது நியாயமான தராசாகாது.

நான்காவது காரணம் பொருளாதாரத்தைச் சேர்ந்தது; எல்லாவற்றிலும் முக்கியமானதும் அதுவே. சொகுசு காரின் விலை வயதோடு சரிந்துவிடுகிறது. உதிரி பாகங்களின் விலை அவ்வாறு சரிவதில்லை. முதல் உடைமையாளர் பெரும் பணம் கொடுத்து வாங்கியவர். சர்வீஸ் செலவைப் பற்றிக் கவலைப்படாதவர். மூன்றாவது, நான்காவது கைக்கு வரும்போது வண்டியை வாங்குகிற விலை எளியது, பராமரிக்கிற செலவோ பழைய சீமான்களின் செலவு. அந்த இடைவெளியில்தான் பல நல்ல வண்டிகள் சீரழிகின்றன. இன்னும் ஆறு மாதம் ஓடட்டும் என்று ஒத்திப்போட்ட புஷ்ஷும் பிரேக் குழாயும் ஒன்று சேர்ந்து, ஒரு நாள் வண்டியின் விலையையே விஞ்சும் பில்லாக வந்து நிற்கின்றன. வண்டி உடைக்கப்படும் இடத்துக்குப் போகிறது. அதைத் தோற்கடித்தது அதைச் செய்த தொழிற்சாலையின் வேலை என்று சொல்வது பொருந்தாது.

ஆகவேதான் மாடலின் சராசரியைவிட, நாம் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியின் சொந்தச் சரித்திரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்கிறேன். அதை அறிய இன்று தடையேதுமில்லை. 2005 முதல் பரிசோதனை முடிவுகள் கம்ப்யூட்டரில் பதிவாகிவருவதால், வண்டியின் பதிவு எண்ணை மட்டும் கொடுத்தால் போதும். அரசாங்கத்தின் இணையதளம் ஒவ்வோர் ஆண்டும் ஓடிய மைல், தேறியதா தவறியதா, ஏன் தவறியது, என்ன அறிவுரை எழுதப்பட்டது என்ற எல்லாவற்றையும் கட்டணமின்றிக் காட்டும். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குடும்பத்தோடு வாழ்ந்து பழைய கார் வாங்க நினைக்கும் நம் தமிழர்களும் இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்தவேண்டும்.

அதைப் படிக்கும் முறையில் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும். அறிவுரைக் குறிப்புகளை வரிசையாகப் பாருங்கள். இந்த ஆண்டு எழுதப்பட்ட புஷ் தேய்மானம் அடுத்த ஆண்டு காணாமற்போயிருந்தால், அதை மாற்றியிருக்கிறார்கள். அக்கறையுள்ள கை அது. அதே வரி மூன்று நான்கு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் பெருங்குறையாக முற்றித் தவறியிருந்தால், கட்டாயம் வந்தாலன்றி எதையும் செய்யாதவரிடம் அந்த வண்டி இருந்திருக்கிறது. துரு என்ற சொல் எங்கே வந்தாலும் நின்று படியுங்கள். மற்றக் குறைகளைப் பாகம் மாற்றித் தீர்க்கலாம், துருவை அவ்வாறு தீர்க்க முடியாது. ஓடிய மைல் ஆண்டுக்கு ஆண்டு சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். ஓர் ஆண்டில் அது குறைந்திருந்தால் மீட்டரில் மோசடி நடந்திருக்கலாம், நீண்ட இடைவெளி இருந்தால் வண்டி எங்கோ முடங்கிக் கிடந்திருக்கலாம். ஒரே நாளில் தவறி, அதே நாளில் பல்பு மாற்றித் தேறிய வண்டியை அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. தவறாமலே வந்திருந்தும் அறிவுரைகள் குவிந்து கிடக்கும் வண்டியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கவேண்டும்.

சான்றிதழ் பேசாத விஷயங்களுக்கு வேறு ஆதாரம் தேடவேண்டும். எல்.எஸ். 400-இன் டைமிங் பெல்ட்டை, அதன் காலத்தைப் பொறுத்து, 60,000 முதல் 90,000 மைலுக்குள் மாற்றவேண்டும். எந்த ஆண்டுப் பரிசோதனையும் அதைப் பார்ப்பதில்லை; பட்டறையின் பில்தான் அதற்குச் சாட்சி. கியர் பாக்ஸ் எண்ணெய், ரேடியேட்டர், ஏர் கண்டிஷனர் ஆகியவையும் அப்படியே. பில்களைப் பத்திரமாக ஒரு கட்டாக வைத்திருக்கும் உடைமையாளரிடம் சிறிது அதிகம் கொடுத்து வாங்குவது நஷ்டமாகாது. வாங்குவதற்கு முன், அடித்தட்டுகளைக் கழற்றிப் பார்க்கக்கூடிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுவதும் அவசியம். பரிசோதகருக்கு இல்லாத சுதந்திரம் அவருக்கு உண்டு.

நாற்பது வயது கடந்து, பெரிய மாறுதல்களுக்கு உட்படாமல் இருக்கும் கார்களுக்கு 2018 முதல் பரிசோதனை கட்டாயமில்லை. 1990-இல் பதிவான முதல் எல்.எஸ். 400 வண்டிகள் 2030-இல் அந்த வயதை எட்டும். கட்டாயம் நீங்கினாலும், வண்டியைச் சாலைக்குத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு நீங்குவதில்லை. அத்தகைய வண்டிகளை ஆசையோடு காப்பவர்கள் அந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதகரின் கண்ணுக்கும் கடப்பாரைக்கும் தம் வண்டியைத் தொடர்ந்து உட்படுத்தவேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த ஒரு மணி நேரம் வண்டியின் எல்லா ரகசியங்களையும் சொல்லாது. ஆனால் அதில் பயணம் செய்கிறவர்களின் உயிரையும், எதிரே நடந்து வருகிறவர்களின் உயிரையும் காக்கும் அளவுக்குச் சொல்லும்.